இரண்டும் ஒரே எடை

ஞாயிற்றுக்கிழமை லோரிஸின் பட்டறையில் இயந்திரம் ஓடாது. அது அவன் மனைவி ஃபியோரெல்லா போட்ட சட்டம். மற்ற நாளெல்லாம் அவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்திலிருந்து வரும் உறுமலைக் கேட்டுக்கொண்டேதான் பக்கத்து வீட்டில் நான் தையல் இயந்திரத்தை மிதிப்பேன். ஞாயிறன்று அந்த உறுமல் நின்றால் காது அடைத்துக்கொண்டது போல இருக்கும். பொழுதே போகாது எனக்கு. ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அவர்கள் சமையலறைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன்.

வட இத்தாலியில் இருக்கிற எங்கள் பியாதெனே ஊரில் வீட்டுக்குக் கீழே பட்டறை இருப்பது அதிசயமில்லை. எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே யாராவது காலணிக்கு ஏதோ ஒன்று செய்துகொண்டிருப்பார்கள். ஒருவர் துணி வெட்டுவார், ஒருவர் பசை தடவுவார். நான் மேல்பாகம் தைக்கிறேன். அந்தக் காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களின் பூட்ஸுக்குத் தைத்து விரல் காய்த்துப் போனது. இப்போது ஓட்டக்காரர்களுக்குக் கொசுவலை மாதிரித் துணியைத் தைத்துக் கண் போய்க்கொண்டிருக்கிறது.

லோரிஸ் செய்வது அடிப்பாகம். அச்சடிக்கிறான் என்றுதான் நாங்கள் சொல்வோம். அலமாரி அளவுக்கு ஒரு பெட்டி, அதற்குள் வெள்ளை மாவு. ரப்பர் போல வளைகிற பிளாஸ்டிக்கின் மாவு அது. கணினியில் இருக்கிற படத்தைப் பார்த்து ஒளிக்கதிர் அந்த மாவைப் படலம் படலமாக உருக்கி ஒட்டவைக்கும். ஆறிய பிறகு லோரிஸ் முழங்கை வரை உள்ளே விட்டுத் தோண்டி, ஊதி, தட்டி எடுப்பான். வெளியே வருகிற அடிப்பாகம் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். அந்தக் கூட்டின் சுவர் தடித்த இடத்தில் கெட்டி, மெலிந்த இடத்தில் மெத்து. ஒரே காலணியில் குதிகாலுக்கு ஒரு மாதிரி, கட்டைவிரலுக்கு ஒரு மாதிரி வைக்கலாம்.

எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று சொல்கிறவள் ஃபியோரெல்லா. பக்கத்து நகரம் மொந்தெபெல்லூனாவில் ஓர் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. ஓட்டக்காரர்களின் காலில் பொட்டுப் பொட்டாக ஒட்டி, கேமராக்களுக்கு நடுவே ஓடவிட்டு, எந்த எலும்பில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று கணக்கெடுப்பாள். ஊரில் யார் நடந்து போனாலும் அவள் கண் முழங்காலுக்குக் கீழேதான் போகும். "உன் வலது இடுப்பு இறங்குது இவானா, தையல் ஸ்டூலை மாத்து" என்று என்னையும் விட்டுவைத்ததில்லை.

அவர்களுக்கு ஒரே பெண், நொயேமி. மலையோட்டம் என்றால் உயிரை விடுவாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் இறக்கத்தில் இடது கணுக்கால் வெளிப்பக்கம் புரண்டு எலும்பு உடைந்தது. தகடு வைத்து, திருகு போட்டு, ஒரு குளிர்காலம் முழுக்க அந்தப் பெண் சோபாவில் கிடந்தாள். "இன்னொரு தடவை இதே இடத்துல உடைஞ்சா கணுக்கால் மூட்டு அசையாதபடி பூட்டிடணும். நடக்கலாம், ஓட முடியாது" என்று அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு நொயேமி அழவில்லை. ஃபியோரெல்லாதான் என் வீட்டுக்கு வந்து துணிக்கட்டு மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

அப்படிப்பட்ட நொயேமி ஜூன் மாதக் கிராப்பா மலையோட்டத்துக்குப் பேர் கொடுத்துவிட்டேன் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னால் வீடு என்னத்துக்கு ஆகும்? தட்டு உடையாத குறை. கடைசியில் ஃபியோரெல்லா ஒன்று சொன்னாள்: "காலணிக்குக் கணக்குப் போட்டுத் தர்றேன். உங்கப்பா அடிச்சுத் தரட்டும். ஆனா அதை நான் தொடவும் மாட்டேன், நீ ஓடறதப் பாக்க வரவும் மாட்டேன்."

சொன்னபடியே கணக்குப் போட்டாள். உடைந்த காலுக்கு ஒன்று, நல்ல காலுக்கு வேறொன்று. இடதில் வெளிப்பக்கச் சுவரை நன்றாகத் தடிமனாக்கினாள், கால் அந்தப் பக்கம் சாயவே கூடாது என்று. வலதில் அதே வெளிப்பக்கத்தை மெத்தென்று விட்டாள், ஏனென்றால் நொயேமி வலது காலை அந்தப் பக்கமாகத்தான் தரையில் வைப்பாள். லோரிஸ் அடித்தான். மேல்பாகத்தை நான் தைத்தேன். சொன்னபடியே ஃபியோரெல்லா தொடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் ஃபியோரெல்லாவும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். புழுக்கம் தாங்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் கிராப்பா மலை இருக்கிற பக்கம் வெறும் சாம்பல் நிறப் புகைமூட்டம்தான். நொயேமி விடியும்போதே சிநேகிதிகளின் காரில் போய்விட்டாள். அவள் பேச்சை ஃபியோரெல்லா எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பட்டாணியைப் பற்றி மட்டும் அப்படி விலாவாரியாகப் பேசினோம்.

லோரிஸ் கீழேயிருந்து ஏறி வந்தான். கையில் ஒரு ஜோடி.

"பாரு, மாத்து ஜோடியை மறந்துட்டுப் போயிட்டா. பைல வை, பைல வைன்னு அடிச்சுக்கிட்டேன்."

"அங்க வை. எனக்கென்ன வந்துச்சு?" என்றாள் ஃபியோரெல்லா.

அவன் அலமாரி மேல் வைத்துவிட்டுக் காபி போடப் போனான். அவளால் சும்மா இருக்க முடியுமா? எழுந்து போய்க் கைக்கொன்றாக எடுத்தாள். எங்கள் ஊரில் காலணி கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் செய்வது அதுதான், தூக்கிப் பார்ப்பது. தூக்கியவள் அப்படியே நின்றாள். கை மாற்றிப் பிடித்தாள். திரும்பவும் மாற்றினாள்.

"என்னடி?" என்றேன்.

பொலேந்தாக் களிக்கு மாவு அளக்கும் தராசை இழுத்து, மேலேயிருந்த பட்டாணித் தோலைத் தள்ளிவிட்டு ஒன்றை வைத்தாள். எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தாள். எண் மாறவில்லை. சுவர் தடித்த இடதுதான் கனமாக இருந்திருக்க வேண்டும்.

"லோரிஸ், இங்க வா."

"காபி பொங்கிடும்."

"பொங்கட்டும். இங்க வான்னேன்."

அவன் வந்தான். அவள் இடது காலணியை அவன் கையில் திணித்தாள். "வெளிப்பக்கத்த அழுத்து. கட்டைவிரலால."

அழுத்தினான். விரல் ரொட்டிக்குள் போவது மாதிரி உள்ளே போனது. அவன் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை அவனுக்கு. அப்புறம் காதோரத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போச்சு.

"வலதுகால் படத்தைத் திறந்தேன்..." என்றான். "வலதைத் திறந்து, அடுக்கினேன்... அப்புறம்..."

"அப்புறம் திருப்பிட்ட."

"கை தானாப் போயிருக்கு, ஃபியோரெல்லா. சத்தியமா. கை தானாப் போயிருக்கு."

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் காலணி என்றால் ஒரு கால்தான். மாதிரி செய்வது ஒரு காலுக்கு, வெட்டுவது ஒரு காலுக்கு, கம்பெனிக்காரன் வந்து பார்த்துச் சரி என்று சொல்வதும் அந்த ஒன்றைத்தான். இன்னொன்று அதன் கண்ணாடி பிம்பம். அட்டையில் வெட்டிய காலத்தில் அட்டையைத் திருப்பிப் போட்டார்கள், இப்போது கணினியில் ஒரு பொத்தான். லோரிஸின் அப்பன் திருப்பினான், அவன் தாத்தன் திருப்பினான். ஃபியோரெல்லா இடதுக்கென்று தனியாகக் கணக்குப் போட்ட படம் கணினிக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்க, இவன் வலதைத் திருப்பி அடித்துவிட்டான். கெட்டியாக இருக்க வேண்டிய இடம் மெத்து.

"அவ போட்டிருக்கிற ஜோடி?" என்று நான்தான் கேட்டேன்.

"ரெண்டு ஜோடியையும் ஒண்ணாத்தான் அடிச்சேன்" என்றான் லோரிஸ். "ஒரே பெட்டில."

அடுப்பில் காபி பொங்கி வழிந்தது. யாரும் அணைக்கவில்லை.

ஃபியோரெல்லா நொயேமிக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. ஓட்டத்தை நடத்துகிறவர்களுக்குப் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள், பின்னால் பாட்டுச் சத்தம்.

"என் பொண்ணு ஓடறா. அவளை நிறுத்தணும். காலணி தப்பு."

"தப்புன்னா? சின்னதாப் போச்சா?"

"சின்னது இல்ல. அடிப்பாகம் தப்பா அடிச்சிருக்கு. இறக்கத்துல கால் புரண்டுடும். ஏற்கெனவே உடைஞ்ச கால்."

"அம்மா, மலை மேல இருக்கிறவங்கள நான் இங்கருந்து எப்படி நிறுத்த? அவங்களுக்கா வலிச்சா அவங்களே நிப்பாங்க. பயப்படாதீங்க."

"பயப்படாதீங்களா? பயப்படாதீங்களாம்!" என்று போனை மேசை மேல் எறிந்தாள் ஃபியோரெல்லா. "லோரிஸ், வண்டிய எடு. ஆய்வகத்துக்கு முதல்ல அடிச்ச ஜோடி எங்க?"

அது கீழே பட்டறைப் பரணில் கிடந்தது. சோதனைக்காக அடித்த சரியான ஜோடி, நொயேமி இத்தனை நாள் பயிற்சிக்குப் போட்டு ஓடியது. மேல்பாகம் பழைய துணி, பார்க்கச் சகிக்காது. ஆனால் இடது இடதாகவே இருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் வண்டியில் ஏறினோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஏப்ரன் கூடக் கழற்றாமல் நான் ஏறிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆசொலோ சாலையில் சைக்கிள்காரர்கள் மொய்ப்பார்கள். சாலையை அடைத்துக்கொண்டு ரெண்டு ரெண்டு பேராகக் கதை பேசிக்கொண்டு போவார்கள். லோரிஸ் ஹாரனை அழுத்தினான். ஒருத்தன் திரும்பிக் கையைத் தூக்கி ஒரு சாடை காட்டினான். நான் ஜன்னலை இறக்கி அவன் பரம்பரையையே விசாரித்தேன். வேறு நாளாயிருந்தால் லோரிஸ் சிரித்திருப்பான்.

"ஏத்தத்துல ஒண்ணும் ஆகாது" என்றாள் ஃபியோரெல்லா. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "ஏறும்போது முன்பாதம்தான் படும். குதிகால் படாது. இறங்கும்போதுதான். குதிகால் வெளிப்பக்கமா விழும். அது உள்ள அமுங்கும். அமுங்கினா கணுக்கால் சாயும். அவ வேகத்துக்கு..."

"போதும்" என்றான் லோரிஸ்.

"போதுமா? உனக்குப் போதுமா? ஒரு படத்தைத் திறந்து பார்த்து அடிக்கத் தெரியாதா உனக்கு? மாவைத் தோண்டி எடுத்தப்ப எடை பாத்தியா? ஊர்ல எல்லாரும் எடை பாப்பாங்க, நீ பாக்க மாட்ட!"

"நீ பாத்தியா?" என்று அவன் கத்தினான். "வீட்டுக்குள்ளதான் கிடந்துச்சு. தொட மாட்டேன்னு நீதான் வீம்பு பிடிச்ச."

நான் சும்மா இருந்திருக்கலாம். "ரெண்டு பேரும் அப்புறம் அடிச்சுக்குங்க, இப்ப ரோட்டப் பாருங்க" என்றேன்.

மலைச்சாலை வளைவில் ஏறத் தொடங்கியதும் வெயில் போய் மூட்டம் வந்தது. இன்னும் மேலே போகப் போகப் புகைக்குள் போவது மாதிரி. ஃபியோரெல்லா பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்திருந்தாள்.

"அன்னிக்கு நான் தண்ணி கொடுக்க நின்னிருந்தேன், தெரியும்ல?" என்றாள் என்னிடம், மெதுவாக. "அவ விழுந்தது எனக்குத் தெரியல, மரம் மறைச்சிருச்சு. ஆனா சத்தம் கேட்டுச்சு. காஞ்ச சுள்ளிய உடைக்கிற சத்தம். யாரோ சுள்ளிய மிதிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். இன்னமும் யாராவது சுள்ளி ஒடிச்சா நான் எந்திரிச்சுப் போயிடுவேன், இவானா."

அவள் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது.

உச்சிக்குக் கீழே ஒரு மேய்ச்சல் நிலம். கோடைக்கு மாடுகளை ஓட்டிவந்து பாலெடுத்து, பாலாடைக்கட்டி செய்கிற கொட்டகை அங்கே இருக்கிறது. ஓட்டக்காரர்கள் ஏற்றம் முடிந்து அங்கே தண்ணீர் குடித்துவிட்டுத்தான் இறக்கத்தில் விழுவார்கள். அவள் அதைத் தாண்டிவிட்டால் நாங்கள் செய்ய ஒன்றுமில்லை. சாலையைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். லோரிஸ் வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டுப் புல்லில் ஓடினான். நாங்கள் பின்னால் ஓடினோம். மூட்டத்துக்குள் மாட்டு மணிச் சத்தம் கேட்கிறது, மாடு தெரியவில்லை. சாணியில் வழுக்கி ஒரு முழங்காலை நான் பதம் பார்த்தேன்.

கொட்டகை வாசலில் இறகு வைத்த தொப்பி போட்ட கிழவர்கள் சிலர் பெரிய பாத்திரத்தில் தேநீர் வைத்துக்கொண்டு நின்றார்கள். பழைய மலைப்படைக்காரர்கள். எங்கள் பக்கம் எந்தக் கூட்டம் என்றாலும் பாத்திரத்தோடு வந்துவிடுவார்கள்.

"பொண்ணுங்க எத்தனை பேரு தாண்டிட்டாங்க?" என்று ஃபியோரெல்லா மூச்சு வாங்கக் கேட்டாள்.

"கொஞ்ச பேரு" என்றார் ஜூஸ்தோ என்கிற கிழவர். எனக்குத் தெரிந்தவர்தான், பக்கத்து மாசெர் ஊர்க்காரர். "என்னம்மா இப்படி வெளுத்துப் போயிருக்க? தேநீர் குடி. இதுல கொஞ்சம் மருந்து கலந்திருக்கு."

"மஞ்சள் சட்டை. உயரமா. நொயேமின்னு பேரு."

"மஞ்சளா..." அவர் தாடையைச் சொறிந்தார். "மஞ்சளா ஒண்ணு போன மாதிரிதான் இருக்கு. இல்ல, அது ஆரஞ்சோ? இந்த மூட்டத்துல எல்லாம் ஒரே நிறம்."

லோரிஸ் புல்லில் உட்கார்ந்துவிட்டான். தலையில் கை. ஐம்பது வயசு ஆள், அப்படி உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. கோபம் வந்தது எனக்கு, கிழவர் மேல். "ஜூஸ்தோ, நிறம் தெரியாதவருக்கு எதுக்குய்யா இந்த வேலை? மருந்தை நீரே குடிச்சிட்டீரா?"

"ஏம்மா, நான் ஊத்தறதப் பாப்பனா சட்டையப் பாப்பனா?"

மூட்டத்துக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். முதலில் மூச்சு கேட்கும், அப்புறம் கால் சத்தம், அப்புறம்தான் உருவம். ஒவ்வொரு உருவத்துக்கும் ஃபியோரெல்லா ஓரடி முன்னால் வைப்பாள். ஆண். ஆண். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண். திரும்பவும் ஆண். இதற்குள் அவள் இறக்கத்தில் பாதி போயிருப்பாள், எங்கேயாவது கல்லிடுக்கில் கிடப்பாள் என்று எனக்குள் ஓடியது. அவளுக்குள் என்ன ஓடியதோ, பையின் வாரை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மஞ்சள் தெரிந்தது.

நொயேமிதான். வேர்வையும் பனியும் வழிய, கன்னம் சிவந்து, வாயைத் திறந்துகொண்டு வந்தாள். இரண்டு வருடமாக அந்தப் பெண்ணை அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. எங்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை. திருடன் போலீஸைப் பார்த்தது மாதிரி நின்றாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. காலணிய கழட்டு" என்றாள் ஃபியோரெல்லா. மண்டியிட்டு அவள் நாடாவில் கையை வைத்துவிட்டாள். "உங்கப்பா தப்பா அடிச்சிட்டாரு. இடது இடது இல்ல, வலதைத் திருப்பினது. இந்தா, இது சரியானது. சீக்கிரம்."

நொயேமி காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"தப்புன்னு தெரியும். வியாழக்கிழமை போட்டுப் பாத்தப்பவே தெரியும்."

லோரிஸ் எழுந்து வந்தான். "தெரிஞ்சு ஏம்மா சொல்லல?"

"சொன்னா கழட்டச் சொல்லுவீங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அம்மா, உன் காலணியப் போட்டு எத்தனை மாசம் ஓடினேன்? அது என் காலைப் பிடிச்சு வச்சுக்கிட்டே இருந்துச்சு. சாயாத, சாயாத, சாயாதன்னு. ஒவ்வொரு அடிக்கும் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துச்சு. இதைப் போட்டதும்... ரெண்டும் என் கால் மாதிரி இருந்துச்சும்மா. ரெண்டும் ஒரே மாதிரி."

"அது உன் நெனப்பு. எலும்புக்கு நெனப்பு கிடையாது."

"நீ அளந்தது போன வருஷக் காலு. அப்ப நான் பயந்து பயந்து வச்ச காலு அது."

"உடைஞ்சா மூட்டப் பூட்டிடுவாங்க. தெரியும்ல?"

"தெரியும். எனக்கு மட்டும் பயம் இல்லையா? ராத்திரி படுத்தா அதுதான் வருது." அவள் காலை முன்னால் நீட்டினாள். "நீ கழட்டச் சொன்னா கழட்டறேன். ஆனா அதைப் போட்டுக்கிட்டு இறங்க மாட்டேன். வண்டில உங்ககூட வீட்டுக்கு வந்துடறேன். அப்புறம் இனிமே எங்கயும் ஓடல. நீயே சொல்லு."

இரண்டு பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். நொயேமி அவர்களைத் திரும்பிப் பார்த்தாள், ஆனால் நகரவில்லை. ஜூஸ்தோ தேநீர்க் கரண்டியைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் துறுதுறுவென்றது. இழுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போங்கடி என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அது நான் சொல்கிற விஷயமில்லை.

ஃபியோரெல்லா மண்டியிட்டபடியே இருந்தாள். அப்புறம் கதவோரம் கிடந்த கல்லைக் காட்டினாள். சமமில்லாத கல், மேலே ஈரம்.

"அதுல நில்லு. இடது காலால மட்டும். கண்ணை மூடிக்க."

நொயேமி ஏறி நின்றாள். கண்ணை மூடினாள். ஆய்வகத்தில் ஃபியோரெல்லா எல்லோருக்கும் வைக்கிற சோதனைதான் அது, நானே ஒருமுறை நின்று பொத்தென்று விழுந்திருக்கிறேன். அந்தக் கால் நடுங்கியது. உள்ளே போச்சு, வெளியே வந்தது, திரும்ப உள்ளே போச்சு. அந்த மெத்துப் பக்கம் அமுங்குவது எனக்கே தெரிந்தது. ஃபியோரெல்லா இரண்டு கையையும் அவள் கணுக்காலைச் சுற்றித் தொடாமல் வைத்திருந்தாள், விழுந்தால் பிடிக்க. கணுக்கால் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது. நிற்கிறாள், நிற்கிறாள், இன்னமும் நிற்கிறாள்.

"எறங்கு" என்றாள் ஃபியோரெல்லா.

அவிழ்த்த நாடாவை எடுத்து இறுக்கிக் கட்டினாள். முடிச்சு விழவில்லை. லோரிஸ் குனிந்து கட்டிவிட்டான்.

"போ" என்றாள். "கல்லு மேல குதிகால வைக்காத. போ, போயிடு, நான் மனசு மாறிடறதுக்குள்ள போயிடு."

மஞ்சள் மூட்டத்துக்குள் போய்விட்டது.

கீழே ஓட்டம் முடிகிற கிரெஸ்பானோ ஊர்ச் சதுக்கத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது இடி இடிக்கத் தொடங்கியிருந்தது. பெரிய பெரிய சொட்டு. கூட்டம் முழுக்கக் கூடாரங்களுக்குள் நெருக்கியடித்தது. ஃபியோரெல்லா மட்டும் முடிவுக் கோட்டோரம் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நனைந்தாள். அவள் நனையும்போது நாங்கள் எங்கே ஒதுங்குவது? நானும் லோரிஸும் பக்கத்தில் நின்றோம்.

எங்களைத் தாண்டி ஓடிய அந்த இரண்டு பெண்களும் வந்து சேர்ந்தார்கள். அப்புறம் நிறைய ஆண்கள். அப்புறம் பின்னால் ஓடிய பெண்களும் வரத் தொடங்கினார்கள். நொயேமி வரவில்லை.

ஒலிபெருக்கிக்காரன் பாட்டை நிறுத்தினான். கல் ஓடைக்குப் பக்கத்தில் ஒரு பெண் விழுந்திருக்கிறார், கணுக்கால் அடி, மீட்புக்குழு போய்க்கொண்டிருக்கிறது, பாதையை விட்டு விலகி நில்லுங்கள் என்றான்.

ஃபியோரெல்லா கத்தவில்லை. என் கையில் அவள் நகம் இறங்கியது. "நான்தான் போன்னு சொன்னேன்" என்றாள். "என் வாயால சொன்னேன், இவானா. நான்தான் அனுப்பிச்சேன்."

"பேரு சொல்லலடி. பேரு சொல்லட்டும் இரு."

லோரிஸ் ஒலிபெருக்கிக்காரனிடம் ஓடினான். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போனான். அங்கே அவன் கையை ஆட்டிக் கேட்பதும், அந்த ஆள் காதில் கை வைத்து யாரிடமோ பேசுவதும் எங்களுக்குத் தெரிந்தது. லோரிஸ் திரும்பி எங்களைப் பார்த்து ஏதோ கத்தினான். இடியில் ஒன்றும் கேட்கவில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். அவள் இல்லை என்கிறானா, போச்சு என்கிறானா?

ஓடி வந்தான். "பெல்லூனோ ஊர்ப் பொண்ணு. வேற யாரோ. வேற யாரோ!"

"கடவுளே, நன்றி" என்றாள் ஃபியோரெல்லா. சொன்னவள் உடனே வாயைப் பொத்திக்கொண்டு சிலுவை போட்டாள். அந்தப் பெண்ணுக்கும் ஒரு தாய் இருப்பாளே. ஆனால் என்ன செய்ய, எனக்கும் அதேதான் தோன்றியது.

நொயேமி வந்தாள். மழையில் தலைமுடி முகத்தில் அப்பி, வலது முழங்காலில் ரத்தம் வழிய, தெருமுனையில் திரும்பி வந்தாள். விழுந்தவளுடன் ஆள் வரும்வரை நின்றுவிட்டு வந்தாளாம், அதுதான் தாமதம். நல்ல ஓட்டம் இல்லை, சோர்ந்துபோன ஓட்டம். ஆனால் இரண்டு காலிலும் ஒரே மாதிரி வந்தாள். கோட்டைத் தாண்டித் தடுப்பைப் பிடித்து நின்றாள். ஃபியோரெல்லா தடுப்புக்கு அடியில் புகுந்து, அவளைக் கட்டிப்பிடிப்பாள் என்று பார்த்தால், குனிந்து இடது காலணியைக் கழற்றினாள். கணுக்காலைச் சுற்றி அழுத்தி அழுத்திப் பார்த்தாள். வீக்கம் இல்லை.

அப்புறம் காலணியைத் திருப்பினாள். சேற்றை விரலால் வழித்தாள். வெளிப்பக்கம், அவள் பயந்த அதே இடத்தில், கூட்டின் சுவர்கள் வரிசையாக அறுந்து தொங்கின. கட்டைவிரல் முழுசாக உள்ளே போனது. இன்னும் கொஞ்ச தூரம் இறக்கம் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. நொயேமியும் அதைப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்தது.

"நான் இனிமே இந்தத் திருப்பற வேலையே..." என்று லோரிஸ் ஆரம்பித்தான். "கை வச்சா கையை வெட்டு."

ஃபியோரெல்லா கட்டைவிரலை அந்தக் கிழிசலிலிருந்து எடுக்கவில்லை. மழை அவள் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"திருப்பு" என்றாள். "ரெண்டு காலுக்கும் ஒண்ணுதான். ஆனா இந்தச் சுவரு ரெண்டுலயும் இன்னும் கொஞ்சம் தடிமனா இருக்கணும். நாளைக்குக் காலைல மொத வேலை இதான்."

சொல்லி முடித்தாள். ஈரத் தெருவில் காலணியோடு உட்கார்ந்து, ஊரே பார்க்க, வாய்விட்டு அழத் தொடங்கினாள். நொயேமி ஒற்றைக் கால் வெறுங்காலாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டாள்.